கொட்டிய மண்ணை அள்ள வேண்டியவர்

சென்ற மாதம் நான் ஒரு சின்னப் பெண்ணை அழ வைத்தேன். அதுவும் மேடையில், தோளில் போர்த்திய சால்வையோடு, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு.

இயற்கையைப் பாதுகாப்பது பற்றிய போஸ்டர் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தது ஒரு பள்ளிக்கூடம். பத்திரிகைகளில் சிரிப்பாக ஏதோ எழுதுகிறவன், கூப்பிட்டால் உடனே வந்துவிடுவான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், வந்துவிட்டேன். போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க ஒரே படம். இரண்டு கைகள், கைகளுக்கு நடுவே உலக உருண்டை, உருண்டையின் உச்சந்தலையில் இரண்டே இலையோடு ஒரு செடி. கீழே, ‘இயற்கையைக் காப்பது நம் அனைவரின் பொறுப்பு’. முதல் பரிசு வாங்க வந்த குழந்தையிடம், “இது யாரோட கைம்மா?” என்று கேட்டேன்.

“கடவுளோட கை, அங்கிள்.”

“அப்ப கடவுளே பாத்துக்கட்டும். போட்டி எதுக்கு?”

குழந்தையின் உதடு துடித்தது. மூளையுள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான். நான், “மணிக்கட்டுக்கு மேல ஆளே இல்லையே, அந்தக் கைக்குச் சொந்தக்காரன் எங்க? அவன் பேரு என்ன?” என்று தொடர்ந்தேன். தலைமையாசிரியை மிக மரியாதையாக என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். கூட வந்திருந்த என் மனைவியோடு ஆட்டோவில் வீடு திரும்பினேன். இறங்கும்போது, “ஒங்க வீரத்தக் காட்ட நல்ல ஆளாப் பாத்தீங்க” என்றாள்.

என் வயதொத்த சிநேகிதர்களே, சர்க்கரை மாத்திரையை மறந்தாலும் பழைய கோபத்தை மறக்காதவர்களே, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அந்தக் கோபம் அந்தக் குழந்தைக்குச் சேர வேண்டியதல்ல. எட்டாம் வகுப்பில் எனக்குள் விழுந்தது அது. விலாசம் தப்பி இத்தனை வருஷம் கழித்து ஒரு சின்னப் பெண்ணின் மேல் போய் விழுந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திண்டுக்கல் ரோட்டில் பரவைக்கு முன்னால், மதுரை முடிந்துவிட்டதா இல்லையா என்று மதுரைக்கே தெரியாத இடத்தில் எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே கண்மாய், கண்மாய்க்குக் கீழே வயல்கள். அதில் அப்பாவுக்கும் ஒரு துண்டு நிலம் இருந்தது. அப்பாவின் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர். அப்பாதான் எங்கள் வம்சத்தில் முதன்முதலாகத் தன் சொந்தச் சேற்றில் கால் வைத்தவர். நடவு முடிந்து வீட்டுக்கு வந்தால் உடனே காலைக் கழுவ மாட்டார். வாசலில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். சேறு காய்ந்து, வெடித்து, தானாக உதிர வேண்டும். அம்மா கத்துவாள். அவருக்குக் காது கேட்காது.

அந்தக் கண்மாய்க்கு ஒரு வழக்கம் இருந்தது. மழைக்கு முன்னால், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலையும் வயலுக்குக் கொண்டுபோகும் வாய்க்காலையும் தூர்வார வேண்டும். ஊர் முழுவதும் ஒன்றாக இறங்கி வாருவது கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் இன்ன கல்லிலிருந்து இன்ன மரம் வரை என்று ஒரு பங்கு உண்டு. மடையைத் திறந்து மூடுகிற மடைக்காரர் கரை மேல் நடந்து போவார். வெட்டாமல் கிடக்கிற பங்கு வந்ததும் நின்று, அந்த வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லி ஒரு கத்துக் கத்துவார். ஊர் மொத்தமும் சிரிக்கும். பெயர்க்காரர் மண்வெட்டியோடு ஓடி வருவார். பொறுப்பு என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். அதற்கு ஒரு பெயர் உண்டு, ஓர் அளவு உண்டு, கரையிலிருந்து ஒருவர் கூப்பிட்டால் காதில் விழும்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்தபோது லாரிகள் வரத் தொடங்கியிருந்தன. கண்மாய்க்குத் தண்ணீர் நுழைகிற மேற்கு மூலையில் செம்மண்ணைக் கொட்டின. முதலில் வரத்துக்கால் காணாமல் போனது. பிறகு கோரைப்புல்லும் தாமரை இருந்த பள்ளமும் போயின. மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்களை வரிசையாக நட்டு, கலர்த் தாள்களைக் கயிற்றில் கட்டி, ‘நகர்’ என்று முடிகிற ஒரு பெயரைப் பலகையில் எழுதி வைத்தார்கள். எங்கள் மதியச் சோற்றில், புத்தகத்தில், கொடியில் காய்ந்த சட்டையில் எல்லாம் செம்மண் பொடி. பல்லில் நறநறவென்று கடிபடும் அந்த மண், வாய் கொப்பளித்தாலும் போகாது. தட்டிக் கேட்டவர்களிடம் பட்டா இருக்கிறது என்றார்களாம். தண்ணீருக்கு யார் பட்டா கொடுத்தது என்று தெரியவில்லை. கேட்டவர்களும் பெரிதாகக் கேட்டுவிடவில்லை. லாரி வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள்.

வீட்டுமனை போட்டு விற்க மண்ணைக் கொட்டியவரை நாங்கள் பிளாட்டுக்காரர் என்போம். வெள்ளைச் சட்டை, ஜவ்வாது வாசம், யாரைப் பார்த்தாலும் சிரிப்பு. நல்ல மனிதர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி கொடுத்தார், கோயிலுக்கு டியூப் லைட் கொடுத்தார். அந்த ஆடியில் எங்கள் பள்ளியில் போஸ்டர் போட்டி ஒன்றும் வைத்தார். தலைப்பு, ‘இயற்கையைக் காப்பது நம் அனைவரின் பொறுப்பு’. முதல் பரிசு பெறும் போஸ்டரைத் தன் செலவில் அச்சடித்து ஒட்டுவதாகவும் அறிவித்தார்.

டிராயிங் வாத்தியார் கரும்பலகையில் மாதிரி வரைந்து காட்டினார். ஆமாம், இரண்டு கை, ஓர் உருண்டை, ஒரு செடி. நான் எழுந்து, “சார், கம்மாய வரையலாமா?” என்றேன்.

“வரை. பூ, பறவையெல்லாம் போட்டு அழகா வரை.”

“லாரி?”

வகுப்பு சிரித்தது. வாத்தியார் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “டேய், லாரிக்காரருதாண்டா பரிசு குடுக்குறாரு. எல்லாருக்கும் பொறுப்பு இருக்குன்னு பொதுவா போடு. பொதுவாப் போட்டா யாருக்கும் வலிக்காது.”

எங்கள் தலைமுறை வாங்கிக்கொண்ட கலைக் கல்வி முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம். தமிழில் ‘நாம்’ என்றால் கேட்கிறவனும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் அவன் வெளியே. இவ்வளவு நுணுக்கமான ஒரு மொழியைக் கையில் வைத்துக்கொண்டு அதை என்ன பாடு படுத்தினார்கள் பாருங்கள். பிளாட் விற்கும்போது ‘எங்கள் நகர்’. மண் அள்ள வேண்டும் என்றால் ‘நம் பொறுப்பு’. மிட்டாய்த் தாளைக் கீழே போட்ட நானும், கண்மாயில் லாரி லாரியாக மண் கொட்டியவரும் ஒரே ‘நாமு’க்குள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தோம்.

என் தாய்மாமன் மதுரையில் மேலமாசி வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த அச்சகத்தில் போஸ்டருக்கு எழுத்து எழுதுகிறவர். காது குத்து, பூப்புனித நீராட்டு, கட்சிக் கூட்டம், பிறந்தநாள், சாவு என்று மதுரையில் எது நடந்தாலும் சுவருக்குச் சொல்லாமல் நடக்காது என்பது உங்களுக்குத் தெரியும். வீணாய்ப் போன தாள் கேட்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் காய்ந்துகொண்டிருந்தது. நீள்வட்டத்துக்குள் இறந்தவரின் போட்டோ, சுற்றிக் கொடிபோலப் பார்டர், கீழே வருந்துகிறவர்களின் பெயர்கள். இறந்தவரின் பெயரைவிட வருந்துகிறவரின் பெயர் பெரிது.

“மாமா, செத்தவரு பேரு சின்னதா இருக்கே?”

“செத்தவரு வந்து கேக்கப் போறாராடா மாப்ள? வருத்தப்படுறவன் பேரு சின்னதாப் போச்சுன்னா அடிக்க வந்துருவாய்ங்க. மதுரையில எவன் படத்தப் பாத்தான்? பேரத்தான் பாப்பாய்ங்க. அதுவும் அவனவன் பேர.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கோ கரையில் நின்று மடைக்காரர் கத்துகிற பெயர்கள் காதில் கேட்டன.

வீட்டுக்கு வந்து சார்ட் பேப்பரை விரித்தேன். நடுவில் நீள்வட்டம், அதற்குள் எங்கள் கண்மாய், இரண்டு கொக்கு. சுற்றிலும் சாவுப் போஸ்டரின் கொடி பார்டர். என் கலர் டப்பாவில் கறுப்பு வில்லை தீர்ந்து குழியாகிவிட்டதால் பார்டர் நீலம். மேலே எழுதினேன்: ‘கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்ட வேண்டி வராமல் இருக்க’. கீழே, வருந்துகிறவர்கள் இருக்க வேண்டிய இடத்தில், பெயர்கள். முதல் பெயரைப் பெரிய எழுத்தில்தான் போட வேண்டும் என்பது அச்சக முறை. அதனால் பிளாட்டுக்காரரின் பெயரைப் பெரிதாகப் போட்டு, அதற்கு மேல் சின்ன எழுத்தில் ‘கொட்டிய மண்ணை அள்ள வேண்டியவர்’ என்று எழுதினேன். அடுத்து ஊர்த் தலைவர், கணக்குக் கேட்க வேண்டியவர். பிறகு மடைக்காரர், கரையிலிருந்து கத்த வேண்டியவர். அப்புறம் அப்பா, மடைக்குக் கீழே பத்து முழம் தூர்வார வேண்டியவர். கடைசியில் நான், மிட்டாய்த் தாளைக் கண்மாயில் போடாமல் இருக்க வேண்டியவன்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. அதன் பிறகு நான் எழுதிய எதிலும் அவ்வளவு தெளிவு கிடையாது.

அப்பா வயலிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். நீள்வட்டமும் ‘கண்ணீர் அஞ்சலி’யும் கண்ணில் பட்டதும் முகம் மாறிவிட்டது. “உசுரோட இருக்குற கம்மாய்க்கு எழவுப் போஸ்டராடா?” என்று கையை ஓங்கினார். அம்மா குறுக்கே வந்து, “முழுசாப் படிங்க” என்றாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். தன் பெயர் வந்த இடத்தில் நின்றார்.

“பத்து மொழம் இல்லடா. பன்னெண்டு. பனமரத்தையும் சேத்து.”

திருத்தினேன். மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்தேன். அப்பா தன் பங்கில் இறங்கி வாய்க்காலை வெட்டிக்கொண்டிருந்தார். மேலே வரத்துக்கால் செம்மண்ணுக்கடியில் புதைந்து கிடக்கிறது. தண்ணீர் வரவே வழியில்லாத வாய்க்கால். பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று, “என்னண்ணே, யாருக்குக் குழி வெட்டுறீக?” என்று சிரித்தார்.

“ஏம் பேரு போட்டுருக்குல்ல” என்றார் அப்பா, நிமிராமல்.

அந்தப் போஸ்டரால் பொறுப்புணர்ச்சி வந்த ஒரே மனிதர் அவர்தான். ஏற்கெனவே அது இருந்தவரும் அவர் ஒருவர்தான். இத்தகைய போஸ்டர்கள் எல்லாமே இப்படித்தான் வேலை செய்கின்றன என்பது என் துணிபு.

பரிசளிப்பு நாளில் டிராயிங் வாத்தியார் என் போஸ்டரைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார். காற்றுக்குக் கதவு ஆடியது. பிளாட்டுக்காரர் உருண்டைகளையும் கைகளையும் பார்த்தபடி வந்தவர், கதவு விலகிய ஒரு நொடியில் தன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார். வாத்தியாருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“அட! நம்ம பேரு! யாருப்பா இந்தத் தம்பி?”

என் கன்னத்தைத் தட்டினார். அவர் கையிலும் ஜவ்வாது. “எம்புட்டு மரியாதையா எம் பேர மொதப் பேராப் போட்டுருக்கான் பாருங்க சார்!” என்று தலைமையாசிரியரைப் பார்த்துச் சொன்னார். சின்ன எழுத்தை அவர் படிக்கவில்லை. அவர் பெயருக்கு மேலேயே, விரலால் தொடும் தூரத்தில் இருந்தது. மாமா சொன்னது சரிதான், அவனவன் பெயரைத்தான் பார்ப்பான். முதல் பரிசு எனக்கு. பச்சை நிற பிளாஸ்டிக் குடம். இயற்கையைக் காப்பாற்றியதற்கு.

அச்சு வேலை மாமாவின் அச்சகத்துக்கே போயிற்று. சில சின்னத் திருத்தங்கள் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். கண்மாய்ப் படம் வேண்டாம், அங்கே பிளாட்டுக்காரர் கும்பிடுகிற போட்டோ. ‘கண்ணீர் அஞ்சலி’ அபசகுனம், அது வேண்டாம். சின்ன எழுத்து எல்லாம் இடத்தை அடைக்கிறது, எடுத்துவிடவும். அதற்குப் பதிலாக ‘இயற்கையைக் காப்பது நம் அனைவரின் பொறுப்பு’. பையன் மனசு நோகக் கூடாது என்பதற்காகப் பார்டர் மட்டும் அப்படியே இருக்கட்டும்.

“பார்டர் நீலந்தான மாமா?” என்று கேட்டேன்.

“ஒத்தக் கலர்ல அடிக்கச் சொல்லிட்டாரு மாப்ள. ஒத்தக் கலருன்னா கறுப்புத்தான்.” ஒரு மாதிரி சிரித்துவிட்டு, “நான் என்னத்தச் சொல்ல? சொன்னத அடிக்கிறேன்” என்றார்.

அடுத்த நாள் விடிந்தபோது ஆரப்பாளையத்திலிருந்து பரவை வரை சுவர் சுவராகக் கறுப்புப் பார்டர், நீள்வட்டம், அதற்குள் கும்பிட்டபடி பிளாட்டுக்காரர். எழுத்தைப் படிக்க மதுரையில் யார் நின்றார்கள்? கறுப்புப் பார்டரைப் பார்த்தே அழ ஆரம்பித்துவிட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மா, “அடப் பாவமே, நேத்துக்கூடக் கார்ல கையக் காட்டிட்டுப் போனாரே” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பரவை மார்க்கெட்டிலிருந்து மாலையோடு ஒரு வேன் கிளம்பியது. யாரும் சொல்லி அனுப்பாமலே சங்கு ஊதுகிறவர் வந்து அவர் வீட்டு வாசலில் நின்றார். கூட்டம் சேர்ந்து கதவைத் தட்ட, பனியனும் வாயில் பிரஷ்ஷுமாகப் பிளாட்டுக்காரரே வந்து திறந்தார். மாலையோடு நின்றவர்கள் அந்த மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் கழுத்திலேயே போட்டார்களாம்.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் மேஜையைத் தட்டிச் சிரித்தோம். கண்மாய் ஜெயித்துவிட்டது என்றே நினைத்தேன். எட்டாம் வகுப்பில் ஒருவன் ஊரே சிரித்தால் ஜெயித்துவிட்டதாக நினைப்பதை மன்னிக்கலாம். நான் அதன் பிறகு இருபது வருஷம் அதையே தொழிலாகவும் செய்தேன். அதுதான் மன்னிக்க முடியாதது. சிரித்தவர்கள் யாரும் ஒரு கூடை மண் அள்ளவில்லை. லாரிகள் அன்று மத்தியானமும் வந்தன. அவற்றின் பக்கவாட்டிலும் அந்தப் போஸ்டரை ஒட்டியிருந்தார்கள். மைதா பசை வாசத்துக்கு ஆடுகள் பின்னாலேயே ஓடின.

ஐப்பசியில் மழை கொட்டியது. தண்ணீருக்கு நகரும் தெரியாது, பட்டாவும் தெரியாது. வழக்கமான வழியில் வந்தது; வழி அடைத்திருந்ததால் திரும்பி ஊருக்குள் நுழைந்தது. எங்கள் வீட்டு உலைமூடி தெருவில் மிதந்து போனதை நான் பார்த்தேன். அம்மா அதை எட்டிப் பிடிக்கப் போய் விழுந்தாள். கண்மாய்க்குள் மட்டும் முழங்கால் தண்ணீர், மடைக்கு எட்டாத அளவு. மடையைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. அப்பா சுத்தமாக வெட்டி வைத்த பன்னிரண்டு முழத்தில் மழைத் தண்ணீர் தேங்கி, தவளைகள் கத்தின. நாற்று நாற்றங்காலிலேயே பழுத்தது.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் கூட்டம். பக்கத்து நாற்காலியில் பிளாட்டுக்காரர். அதிகாரி பேசினார்: “இன்னைக்கு இயற்கை சீறுதுன்னா அதுக்கு நாம எல்லாருமே காரணம். பிளாஸ்டிக் பை போடுறோம். மரம் வெட்டுறோம். ஒருத்தர ஒருத்தர் குத்தம் சொல்றத விட்டுட்டு, ஒவ்வொருத்தரும் தன் பொறுப்ப உணரணும்.”

அப்பா எழுந்தார். கூட்டத்தில் எழுந்து பேசுகிறவர் அல்ல அவர். துண்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

“சார், ஏம் பங்க நான் வெட்டிட்டேன். பன்னெண்டு மொழம். வந்து பாருங்க. மேல மண்ணு கெடக்கு. அது எம் பங்கு இல்ல.”

யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அந்த மண் யார் பங்கு என்று அடுத்த கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். பெயர் எல்லாருக்கும் தெரியும், சுவரெல்லாம் ஒட்டியிருந்தது. மடைக்காரர் தரையைப் பார்த்தார். ஊரார் பெயரையெல்லாம் சொல்லிக் கத்திய தொண்டை அது.

அதிகாரிதான் பேசினார். “பாருங்க, இவரு தன் கடமையச் செஞ்சிருக்காரு. எல்லாரும் இவர மாதிரி இருந்துட்டா பிரச்சினையே இல்ல. இவருக்கு ஒரு கை தட்டுங்க.”

தட்டினார்கள். சிநேகிதர்களே, தட்டினார்கள். பிளாட்டுக்காரரும் தட்டினார். அப்பா நின்றபடியே சுற்றிலும் பார்த்தார். தன்னை வாழ்த்துகிறார்களா, உட்காரச் சொல்கிறார்களா என்று அவருக்கு விளங்கவில்லை. பிறகு உட்கார்ந்தார். எனக்கு விளங்கியது. உட்காரத்தான் சொன்னார்கள். அந்தக் கைதட்டலை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. பொறுப்பைப் பொதுவாகப் பிரித்துக்கொள்வது என்பது இதுதான். செய்தவனுக்குக் கைதட்டல், செய்யாதவனுக்குக் கைதட்டும் உரிமை.

இன்னும் ஒரு வருஷம் அப்பா மடை திறக்கும் என்று பார்த்தார். திறக்கவில்லை. வயலை வாங்க ஒரே ஆள்தான் தயாராக இருந்தார்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் அப்பா கட்டைவிரலை மையில் அழுத்தி உருட்டினார். கையெழுத்துப் போடத் தெரியும் அவருக்கு, அன்று போடவில்லை. விரலிலிருந்த மையைத் துடைக்காமல் வெளியே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். படியிறங்கி வந்த பிளாட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்து தோளில் கை போட்டார்.

“தம்பிதான அந்தப் போஸ்டரு வரஞ்சது? எழவுக்குன்னு மாலையோட வந்தவிங்கள அப்படியே வேன்ல ஏத்திக்கொண்டு போயி எடத்தக் காட்டினேன். பாதிப் பேரு அன்னைக்கே பிளாட்டு பிடிச்சிட்டாய்ங்க. நல்ல கைராசிப்பா ஒனக்கு. இப்ப ஒங்கப்பா வயல்ல ரெண்டாவது நகர் போடுறோம். அதுக்கும் ஒண்ணு வரஞ்சு குடு.”